1999 போக்கிமான் சாரிசார்ட் ஃபர்ஸ்ட் எடிஷன் கார்டு ஒரிஜினலா டூப்ளிகேட்டா, எப்படிப் பாக்குறது?

நெருப்புவால்:
வணக்கம். டொரண்டோல இருக்குற அத்தை பையன் தன்னோட பழைய போக்கிமான் ஆல்பத்தை எனக்கே குடுத்துட்டான், அதுல பேஸ் செட் (முதன்முதலா வந்த இங்கிலீஷ் செட்) சாரிசார்ட் ஒண்ணு இருக்கு, செட்ல நம்பர் 4/102, 120 எச்பி (உயிர்ப் புள்ளி), படத்துக்குக் கீழ இடது பக்கம் ஃபர்ஸ்ட் எடிஷன், அதாவது முதல் அச்சுன்னு காட்டுற முத்திரையும் இருக்கு. பாக்கெட் பிரிச்சு எடுத்ததில்ல, ஸ்கூல்ல இன்னொரு பையன்கிட்ட மாத்தி வாங்குனதாம், அதான் சந்தேகம். சாய்ச்சுப் பாத்தா படம் இருக்குற கட்டம் மட்டும் மின்னுது, குட்டிக்குட்டி நட்சத்திரமா. விக்கிற எண்ணமில்ல, உண்மை தெரிஞ்சா போதும். வளைச்சுப் பாத்தா தெரியும்ங்கிறாங்களே, செய்யலாமா?

பழையஆல்பம்:
தயவுசெஞ்சு வளைக்காதீங்க ப்ரோ. நான் ஒரு பிளாஸ்டாய்ஸ் கார்டை அப்படிப் பண்ணி நடுவுல மடிப்பு விழுந்துருச்சு, ஒரிஜினல் கார்டு, இன்னிக்கும் அதை எடுத்தா மனசு கேக்க மாட்டேங்குது.
நட்சத்திரம் படத்துல மட்டும் மின்னுறது நல்ல அடையாளம், மட்டமான டூப்ளிகேட்ல கார்டு முழுக்க மின்னும். இப்ப படக்கட்டத்தோட வலது ஓரத்தைப் பாருங்க, நிழல் மாதிரி கருப்பா ஒரு பட்டை இருக்கா? அப்புறம் அடியில பொடி எழுத்துல நிண்டெண்டோ பேருக்கு முன்னாடி வருஷம் இருக்கும், அது 98ல முடியுதா, 99 வரைக்கும் போகுதா? ஃபர்ஸ்ட் எடிஷன்னா நிழல் இருக்கக் கூடாது, 99 இருக்கணும்.

நெருப்புவால்:
நிழல் இருக்கு. 1995, 96, 98, அவ்ளோதான். ஆனா அதே ஆல்பத்துல அதே செட்டோட மச்சாம்ப் கார்டு 8/102 இருக்கு, அதுலயும் நிழலும் முத்திரையும் சேந்தே இருக்கே?

லென்ஸ்கண்ணன்:
மச்சாம்ப் மட்டும் தனிக் கதை நண்பா. அது ரெண்டு பேர் ஆடுற ஸ்டார்டர் செட்டோட வந்த கார்டு, நிழல் வந்த பிறகும் அதுல முத்திரை போட்டுட்டே இருந்தாங்க. மத்த இங்கிலீஷ் பேஸ் செட் கார்டுல முத்திரை இருந்தா நிழல் இருக்கக் கூடாது, வருஷம் 99 வரைக்கும் இருக்கணும். அதனால உங்க சாரிசார்ட் கார்டு நெஜமாவே இருக்கலாம், முத்திரை பின்னால யாரோ குத்துனதுன்னு படுது.
நகைக்கடைல வெச்சிருக்கிற 10 மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கங்க. சாரிசார்டையும் அந்த மச்சாம்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு முத்திரையைப் பாருங்க, அச்சுல வந்ததுன்னா ஓரம் சுத்தமா இருக்கும், பின்னால குத்துனதுன்னா மை கசிஞ்சோ மேல தூக்கலாவோ தெரியும். நிறமெல்லாம் பொடிப்பொடிப் புள்ளியா ஒரே ஒழுங்குல இருக்கான்னும் பாருங்க. எந்தக் கார்டுன்னாலும் அதே செட்ல ஒரு சாதா கார்டை, விலையில்லாத எனர்ஜி கார்டா இருந்தாலும் சரி, பக்கத்துல வெச்சுப் பாக்குறதுதான் என் வழி, நெட்ல இருக்குற போட்டோவை நம்பி முடிவு பண்ணவே மாட்டேன்.

பழையஆல்பம்:
பின்பக்கமும் பாத்துடுங்க, போக்கிமான்ங்கிற இங்கிலீஷ் பேர்ல இ எழுத்து மேல சின்னக் கோடு இருக்கணும், நீலம் வெளிறி இருக்கக் கூடாது.

நெருப்புவால்:
லென்ஸ் வாங்கிப் பாத்துட்டேன். புள்ளியெல்லாம் ரெண்டுலயும் ஒரே மாதிரி, கோடும் இருக்கு. ஆனா மச்சாம்ப்ல முத்திரை ஓரம் கத்தியால வெட்டுன மாதிரி இருக்கு, சாரிசார்ட்ல "1" பக்கத்துல மை பரவியிருக்கு. ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சா போயிடுமா?

லென்ஸ்கண்ணன்:
தொடாதீங்க, மேல இருக்குற பளபளப்பும் சேந்து போயிடும். முத்திரை பொய்னாலும் கீழ இருக்குறது 1999 சாரிசார்ட், ஸ்லீவ்ல போட்டு வையுங்க. என்னிக்காவது யாருக்காவது குடுக்குறதா இருந்தா முத்திரை விஷயத்தை முதல்லயே சொல்லிடுங்க.