கிளைடரைத் தனியாளாகப் பூட்டலாமா?

வெள்ளவத்தையான்:
"கழற்றி வைத்த ஒற்றை இருக்கைக் கிளைடரை (எஞ்சின் இல்லாத விமானம்) இறக்கை மாட்டித் தனியாளாக 20 நிமிடத்தில் பூட்டுவேன், துணைக்கு ஆள் தேடுவது சோம்பல்" என்று ரத்மலானைத் தம்பி நேற்று எழுதியதைப் பார்த்து எனக்கு நித்திரையே இல்லை. நான் ஜெர்மனியில் பழகியவன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். பூட்டிய பிறகு ஐலரோனை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் ஆடும் பலகையை, யார் பிடித்தது?

ரத்மலானை07:
சக்கர வண்டி இறக்கையைத் தாங்கும், இறக்கையின் அடியை நான் கிளைடரின் உடலுக்குள் செலுத்துவேன். நுனிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு மற்ற இறக்கை. இறக்கைகளின் முதுகெலும்பான ஸ்பார்களின் துளைகள் நேரானதும் அவற்றைப் பிணைக்கும் மெயின் பின்னைத் தள்ளினால் சரி. கழற்றுவது அதைவிடச் சுகம்.

கொட்டாஞ்சேனை வாசகன்:
'தனியாள்' என்றால் வண்டி, முட்டு எல்லாம் சேருமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தையான்:
அது பிறகு. ஐலரோனை யார் பிடித்தது?

ரத்மலானை07:
ஒரு பக்க ஐலரோனைக் கையால் உயர்த்தினால் மறுபக்கம் இறங்கும். இறங்கினால் இணைப்பு இருக்கிறது. இரண்டாவது ஆள் எதற்கு?

வெள்ளவத்தையான்:
இந்த நினைப்புத்தான் ஆளைக் கொல்லும். பழைய கிளைடர்களில் ஐலரோனை இயக்கும் தண்டுகளைச் சேர்க்கும் லோட்டெலியே மூட்டை (கிண்ணத்துக்குள் குமிழ் உட்காரும் இணைப்பு) கையால்தான் கொழுவ வேண்டும். குமிழ் கிண்ணத்துக்குள் பாதி உட்கார்ந்தாலும் ஐலரோன் அழகாக ஆடும். உள்ளே ஒருவர் ஸ்டிக்கை (விமானி பிடித்து ஓட்டும் கம்பியை) அசைக்க, வெளியே ஒருவர் ஐலரோனை இறுக்கிப் பிடித்தால்தான் வண்டவாளம் தெரியும். ஒருமுறை எனக்கு அந்த மூட்டைப் பூட்டும் ஆப்பின் துளையில் காப்புப் பின் போகவில்லை. கொஞ்சம் இழுத்தேன், மூட்டு கையோடு வந்துவிட்டது. எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) கொழுவாமல் மேலேறி உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள், தம்பி.

தெஹிவளைக் காற்று:
புதியவற்றில் தானாகவே கொழுவிக்கொள்ளுமே அண்ணை?

வெள்ளவத்தையான்:
கொழுவட்டும். அப்போதும் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ரத்மலானை07:
முதலில் என்னைத் 'தம்பி' என்பதை நிறுத்துங்கள். காலிமுகத்திடலில் பட்டம் விடுவது பற்றிய பேச்சிலும் இப்படித்தான் ஒரே வரியைப் பத்துத் தரம் எழுதினீர்கள்.

வெள்ளவத்தையான்:
அதிலும் நான் சொன்னதுதான் சரி. பின்னேரக் கடற்காற்றைக் கணக்கில் எடுக்காதவர் நீங்கள். ஏழரை மீட்டர் நீளம், 60 கிலோ அளவு வரும் இறக்கையை முட்டில் விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கப் போவீர்களா?

ரத்மலானை07:
போவேன். போயிருக்கிறேன். ஒன்றும் விழவில்லை. நாளைக்கு வண்டியின் படம் போடுகிறேன், பாருங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகன்:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

வெள்ளவத்தையான்:
வண்டியின் படம் எனக்கு எதற்கு? ஐலரோனைப் பிடித்த ஆளின் படத்தைப் போடுங்கள்.