ரங்கூன் கரண்டுக்கு எது தாங்கும்: பெட்டி டிவியா, பிளாட்டா?

தட்டோன்காரன்:
21 இன்ச் பெட்டி டிவி. ஃப்ளைபேக் (டியூப்புக்கு ஹை வோல்ட் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர்) போச்சுன்னு மெக்கானிக் சொல்றார். டியூப்ல படம் கடைசி வரைக்கும் பளிச்சுனு இருந்துச்சு. வேற ஃப்ளைபேக் தேடிப் போடலாமா, 32 இன்ச் எல்இடி வாங்கிடலாமா? கரண்டு வந்து வந்து போற ஊர்ல எது தாங்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லைன்அவுட்புட்:
டியூப் நல்லா இருக்கிற செட்டைத் தூக்கிப் போடாதீங்க தம்பி. முதல்ல போனது ஃப்ளைபேக்தானான்னு உறுதி பண்ணுங்க. ஃப்ளைபேக்கை ஓட்டுற ஹாரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டரைக் கழட்டிட்டு, அதுக்கு டிசி சப்ளை வர்ற பி பிளஸ் லைன்ல 60 வாட் குண்டு பல்பை மாட்டுங்க. 110 வோல்ட்டுக்குப் பக்கத்துல ஆடாம நின்னா சப்ளை சரி. அடுத்து, அந்த டிரான்சிஸ்டருக்கு சிக்னல் கொடுக்கிற டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர் கால்களை லென்ஸ் வெச்சுப் பாருங்க. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, காலைச் சுத்தி ஈயம் மெல்லிசா மோதிரம் மாதிரி விட்டிருக்கும். தட்டினா படம் வரும், விட்டா போகும்.

அவுட்புட் டிரான்சிஸ்டர் பக்கத்துல நிக்கிற 1600 வோல்ட் கண்டென்சரையும் மாத்திடுங்க. அதோட மதிப்பு இறங்கினா டிரான்சிஸ்டர் மேல விழுற பல்ஸ் வோல்ட் ஏறிடும். புது அவுட்புட் டிரான்சிஸ்டர் (டி2499) போட்ட ஒரு நிமிஷத்துல அதுவும் ஷார்ட் ஆகும், பழி ஃப்ளைபேக் மேல விழும். இதெல்லாம் சரியா இருந்தும் டிரான்சிஸ்டர் கொதிச்சாத்தான் ஃப்ளைபேக் உள்ளே ஷார்ட்.

ஒரு எச்சரிக்கை: டியூப் முதுகுல இருக்கிற ரப்பர் தொப்பியில 25,000 வோல்ட் வரைக்கும் நிக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும். டியூப்பைச் சுத்தி ஓடுற பின்னல் கம்பியில ஒயரைக் கட்டி, மறுமுனையை ஸ்க்ரூடிரைவர்ல சுத்தி, தொப்பிக்கு அடியில விட்டு டிஸ்சார்ஜ் பண்ணுங்க. ஒரு தடவை போதாது, கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவை.

பேக்லைட்:
அண்ணே, கேட்டது கரண்டு தாங்குமான்னு. கணக்குப் போடுவோம். 12 வோல்ட் 100 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரியில 1,200 வாட்-ஹவர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல இறக்கக் கூடாது, அப்ப 600. இன்வெர்ட்டர் தின்னது போகக் கிட்டத்தட்ட 510. பெட்டி டிவி 80 வாட், டிஷ் பெட்டி 10 வாட்: அஞ்சரை மணி நேரம். 32 இன்ச் எல்இடி 45 வாட், அதே டிஷ் பெட்டி: ஒன்பது மணி நேரம். 12 வோல்ட் அடாப்டர்ல ஓடுற 24 இன்ச் செட்டுன்னா இன்வெர்ட்டரே வேண்டாம், ஃப்யூஸ் போட்டு பேட்டரியிலேயே ஓட்டிடலாம். சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும், அதனால நடுவுல 12 வோல்ட் ரெகுலேட்டர் போர்டு கட்டாயம்.

லைன்அவுட்புட்:
வாட் கணக்கை ஒத்துக்கிறேன். ஆனா அந்த எல்இடி எத்தனை வருஷம்? ஸ்க்ரீனுக்குப் பின்னால வெளிச்சம் தர்ற பேக்லைட் பட்டியில பல்புகள் எல்லாம் சீரியல்ல இருக்கு. ஒண்ணு ஓப்பன் ஆனா வரிசையே அணையும். சத்தம் வரும், படம் இருட்டு. நம்ம டியூப்ல எமிஷன் (எலக்ட்ரான் வர்ற அளவு) குறைஞ்சாக்கூட மங்கலா ஓடிக்கிட்டே இருக்கும்.

பேக்லைட்:
உண்மைதான், ஆனா அது சாவு இல்லை. இருட்டு ஸ்க்ரீன்ல டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சா படம் லேசா தெரியும். தெரிஞ்சா பேனல் உயிரோட இருக்கு, பட்டிதான் போச்சு. பட்டியை மாத்தும்போது 3 வோல்ட் பல்பா 6 வோல்ட் பல்பான்னு பார்த்து வாங்கணும், ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். முழு செட்டா மாத்துங்க. ஒத்தைப் பல்பை மட்டும் மாத்தினா அடுத்த மாசம் பக்கத்துப் பல்பு போகும்.

ஆபத்து பேனலைத் தூக்கும்போதுதான். ஓரத்துல பழுப்பு ரிப்பன் தொங்கும். அது இழுபட்டா ஸ்க்ரீன்ல நிரந்தரமா கோடு. ரெண்டு பேர் சேர்ந்து, ரெண்டு பக்கமும் ரப்பர் உறிஞ்சியை ஒட்டித் தூக்கணும். கீழே இருக்கிற வெள்ளை ஷீட்டுகளை எடுத்த வரிசையிலேயே திரும்ப வைக்கணும், விரல் ரேகை பட்டா படத்துல தெரியும்.

பட்டி சீக்கிரம் போறதுக்குக் காரணம், கடையில பளிச்சுனு தெரியணும்னு கரண்டைக் கூட்டி அனுப்புறதுதான். பட்டிக்குக் கரண்டு கொடுக்கிற டிரைவர் ஐசி பக்கத்துல மூணு நாலு சின்ன ரெசிஸ்டர் பேரலல்ல இருக்கும், ஒண்ணை எடுத்துட்டா கரண்டு இறங்கும். வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆயுசு கூடும்.

மோல்மேன்மழை:
ஜப்பான் பழைய செட்டுகளைப் பத்தி யாரும் பேசலையே. என்கிட்ட கேட்டா, பெட்டி டிவியைக் கொன்னதே அந்த 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்தான். 230-ஐ 100 ஆக்குற பெட்டி, சாயங்காலம் லைன் 150-க்கு இறங்கினா 65 வோல்ட்தான் கொடுக்கும். செட் எழுந்திருக்காது. 90 முதல் 260 வோல்ட் வரைக்கும் ஓடுற செட் மட்டும்தான் இங்கே பிழைக்கும்.

இன்னொண்ணு, அந்த ஜப்பான் செட் எடுக்கிறது என்டிஎஸ்சி (NTSC) கலர் முறை மட்டும்தான். தமிழ்ச் சேனலுக்கு மாட்டுற இந்திய டிஷ் பெட்டி வேற முறையான பால் (PAL) சிக்னல் தரும். படம் கறுப்பு வெள்ளையா உருளும். டிஷ் பெட்டி மெனுவுல என்டிஎஸ்சின்னு மாத்துங்க. அந்த மெனுவையே உருளுற படத்துல படிக்கணும், அது தனிக் கொடுமை.

பேக்லைட்:
அப்படியே மாத்தினாலும் 4:3 அகல-உயர டியூப்ல இன்னைக்கு வர்ற 16:9 அகலப் படத்தை அடைச்சா மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை. 21 இன்ச்சுல மிஞ்சுறது 19 இன்ச்தான். கீழே ஓடுற எழுத்தை யார் படிக்கிறது?

லைன்அவுட்புட்:
எழுத்துக்கு நான் வாதாட வரலை. பழைய வீடியோ கேம் துப்பாக்கி வெச்சிருக்கிற வீட்டுல கேட்டுப் பாருங்க. அது டியூப்ல கோடு கோடா ஓடுற வெளிச்சத்தோட நேரத்தை வெச்சுத்தான் குறியைக் கண்டுபிடிக்குது. பிளாட்ல சுட்டா படவே படாது.

மோல்மேன்மழை:
தட்டோன்காரர் பாட்டு, செய்தி பார்க்கப் போறார், வாத்து சுடப் போறதில்லை.

கரண்டு விஷயத்துல ரெண்டுக்கும் எமன் ஒருத்தன்தான்: காத்து மழையில நியூட்ரல் கழன்றா 230 இருக்க வேண்டிய இடத்துல 400 வரைக்கும் ஏறும். அதை டிசி ஆக்கினா 560-க்கு மேல. உள்ளே இருக்கிற 400 வோல்ட் கண்டென்சர் வெடிக்கும், பெட்டியோ பிளாட்டோ ஒண்ணுதான். வோல்ட் ஏறினா அணைக்கிற ஹை கட், இறங்கினா அணைக்கிற லோ கட், கரண்டு திரும்பினதும் காத்திருக்கிற அஞ்சு நிமிஷ டிலே மூணும் உள்ள வோல்டேஜ் கார்டை (பாதுகாப்புப் பெட்டியை) முதல்ல மாட்டுங்க, டிவி அப்புறம்.

தட்டோன்காரன்:
சரி. பல்பு மாட்டிப் பார்த்தாச்சு, 112 வோல்ட் நிக்குது. கண்டென்சர் மாத்தியும் டிரான்சிஸ்டர் கையை வைக்க முடியாத சூடு.

லைன்அவுட்புட்:
அப்ப ஃப்ளைபேக்தான். மேல பிஎஸ்சி 25-ன்னு தொடங்கி ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும், முழுசா எழுதிக்குங்க. கால் எண்ணிக்கை ஒத்துப் போனா போதும்னு வேற நம்பரைப் போடாதீங்க. டியூப்பைச் சூடாக்குற ஹீட்டருக்குப் போற கால் இடம் மாறினா 6.3 வோல்ட் கேட்கிற டியூப்புக்கு வேற வோல்ட் போய், நல்ல டியூப் அஞ்சு நிமிஷத்துல காலி. புதுசு கிடைக்கிறது கஷ்டம், அதே நம்பர் செட் உடைச்ச இடத்துல தேடுங்க.

பேக்லைட்:
அண்ணே, அதைத்தான் நானும் சொல்றேன். ஒரு பெட்டி டிவி ஓடணும்னா இன்னொண்ணு சாகணும்.

லைன்அவுட்புட்:
சாகட்டும், நம்பர் அனுப்புங்க.