மறு: கலைச்சொல் தேவை – 'ஹோம் ஸ்டேஜிங்' (வெள்ளிக்கிழமைக்குள்!)

க., ஆதம்பாக்கம்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். வீடு விற்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். 'ஹோம் ஸ்டேஜிங்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இயந்திர மொழிபெயர்ப்பு ஓரிடத்தில் 'வீட்டு மேடை' என்கிறது, இன்னோரிடத்தில் 'வீட்டு அரங்கேற்றம்'!

விஷயம் இதுதான். விற்கப்போகும் வீட்டை வாங்க வருபவரின் கண்ணுக்கு ஏற்றபடி ஆயத்தம் செய்வது. சாமான்களைக் குறைப்பது, குடும்பப் படங்களைக் கழற்றுவது, வெளிச்சம் கூட்டுவது, காலி வீடாக இருந்தால் வாடகைக்கு மேசை நாற்காலி கொண்டுவந்து போடுவது. 1972இல் அமெரிக்காவில் பார்ப் ஸ்வார்ஸ் என்பவர் தொடங்கிவைத்ததாகச் சொல்கிறார்கள். இன்டீரியர் டிசைன் குடியிருப்பவருக்காக. இது இனிமேல் குடிவரப்போகிறவருக்காக. தொழில், அதைச் செய்பவர், செய்து முடித்த வீடு, கணினியில் படத்தை மட்டும் அலங்கரிக்கும் மெய்நிகர் வகை என நான்குக்கும் ஒரே வேரிலிருந்து சொல் வேண்டும்.

ம., மயிலாப்பூர்

இதற்கு ஏன் இவ்வளவு கவலை? மனைக்கோலம். மணக்கோலம் நினைவுக்கு வருகிறதா, வரட்டும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பெண்ணுக்குச் செய்வதைத்தானே இங்கே வீட்டுக்குச் செய்கிறார்கள்?

நம்மவர்களுக்கு இது புதிதும் அல்ல. நெடுநல்வாடையில் 'பெரும்பெயர் மன்னர்க்கு ஒப்ப மனைவகுத்து' என்கிறார் நக்கீரர். அந்த 'ஒப்ப'வைக் கவனியுங்கள். இருக்கப்போகிறவருக்கு ஒப்ப வகுப்பது! அதே பாட்டில் அரசியின் கட்டிலுக்கு எத்தனை அடிகள் செலவழிக்கிறார்! நாற்பது வயது யானை, போரில் பட்டது, அதன் தந்தம்...

சொ., வேளச்சேரி

ஐயா, கட்டில் பிரமாதம். ஆனால் அந்தப் பாட்டில் வீட்டுக்காரர் பாசறையில் இருக்கிறார், தூக்கமில்லை. விற்பனைக்கு உதவாது :)

நான் புரோக்கர் தொழிலில் இருந்தவன். சென்னையில் மனை என்றால் காலி நிலம். வீட்டுமனை, மனைப்பிரிவு, மனைப்பட்டா எல்லாம் அப்படித்தான். 'மனைக்கோலம்' என்று விளம்பரம் போட்டால், ஊரப்பாக்கத்தில் கல் நட்ட பிளாட் என்று நினைத்துத்தான் போன் வரும். நாங்கள் சொல்வது, 'வீட்டைக் கொஞ்சம் ரெடி பண்ணிக் கொடுங்க சார்.' அவ்வளவுதான்.

செய்தால் பலன் உண்டா என்றால், உண்டு. காலி ஹால் சின்னதாகத் தெரியும், ஒரு சோபா கிடந்தால் அளவு பிடிபடும். ஆனால் பழைய அபார்ட்மென்ட் பார்க்க வருபவர் கேட்கும் முதல் கேள்விகள் வேறு: யு.டி.எஸ். (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு, கார் பார்க்கிங் மூடியதா, தண்ணீர் எப்படி, 2015 வெள்ளத்தில் தரைத்தளம் முழுகியதா? இவற்றுக்கு எந்தச் சோபாவும் பதில் சொல்லாது.

த., தாம்பரம்

'ரெடி', 'சோபா', 'பிளாட்', 'போன்'. கலைச்சொல் குழுவில் எழுதுகிறோம் என்ற நினைவாவது வேண்டாமா? 'ஸ்டே' தமிழில் மொழிமுதல் ஆகாது. எழுதியே தீர்வதென்றால் 'ஓம் சுடேசிங்கு' என்று எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும் அதன் லட்சணம்.

என் பரிந்துரை: இல்லப்புனைவு. புனைதல் அழகு செய்தல். 'புனையா ஓவியம்' என்பதும் அதே நெடுநல்வாடைதான்.

அ., அம்பத்தூர்

புனைவு என்றால் இன்று கதை. 'இல்லப்புனைவு' என்றால் என் மாணவர்கள் நாவல் வகை என்று எழுதி வைப்பார்கள். கோலத்தை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் வாசலுக்கு, அரிசி மாவுக்குப் போய்விட்டார்கள். ம. ஐயா, பெண் பார்க்கும் உவமையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தூய்மை பற்றித் த. ஐயாவுக்கு: விற்கிற வீட்டில் மேசை, அலமாரி, சன்னல், கடைசியில் கைமாறும் சாவி வரை எல்லாம் போர்த்துக்கீசியம். அவற்றைக் கழற்றிவிட்டால் வீட்டில் மிச்சம் என்ன?

இன்னொன்று. இந்த வேலையில் பாதி, சேர்ப்பது அல்ல, எடுப்பது. நம் வீடுகளில் 'அறையை ஒழித்து வை' என்போம். அதுதான் பொருத்தமான வினை. ஆனால் 'வீடொழிப்பு' என்றால் மாநகராட்சி இடிக்க வந்ததுபோல இருக்கிறதே!

த., தாம்பரம்

திறவுகோல் என்று ஒரு சொல் இருக்கிறது அம்மா.

ந., அண்ணா நகர்

தனிமடலில் ஒருவர் 'இல்ல மதிப்பேற்றம்' என்றார். கூடாது. அமெரிக்க ரியல்ட்டர்கள் (வீடு விற்பனை முகவர்கள்) சங்கத்தின் 2023 அறிக்கையில், வாங்குவோர் தரப்பு முகவர்களில் 81 விழுக்காட்டினர், இப்படிச் செய்த வீட்டைத் தங்கள் வீடாகக் கற்பனை செய்வது வாங்குபவருக்கு எளிது என்றார்கள். சொன்னவர்கள் முகவர்கள், அதுவும் அவர்கள் எண்ணம். 2015இல் வந்த ஓர் ஆய்வில் ஒரே வீட்டைச் சுவர் நிறமும் சாமான்களும் மாற்றி மெய்நிகர் உலாவாகக் காட்டினார்கள். அபிப்பிராயம் மாறியது, கொடுக்கத் துணிந்த விலை குறிப்பிடும்படி மாறவில்லை. ஆகவே சொல் தோற்றத்தோடு நிற்கட்டும். மதிப்பு ஏறும் என்ற வாக்குறுதியைச் சொல்லே கொடுக்கக் கூடாது.

வ., பாரிமுனை

வழக்கறிஞன் என்ற முறையில் ஒரு வார்த்தை. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு: சாதாரணக் கவனத்தில் வாங்குபவருக்குப் புலப்படாத முக்கியக் குறையை, தெரிந்தே வைத்திருக்கும் விற்பவர் சொல்லியாக வேண்டும். ஓதம் ஏறிய சுவருக்குப் பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பதும், அந்தச் சுவர்முன் பூச்சாடி வைப்பதும் ஒன்றல்ல. நீங்கள் வைக்கும் சொல் இரண்டாவதை மட்டும் குறிக்க வேண்டும்.

ம., மயிலாப்பூர்

அப்படியானால் ஒப்பனை. நான் சொன்ன 'ஒப்ப' இங்கேதான் வந்து சேர்கிறது. பழைய வழக்கில் ஒப்பித்தல் என்றாலே அலங்கரித்தல். இன்று அது பள்ளிக்கூடத்தில் செய்யுளோடு நின்றுவிட்டது. அது தனிக் கதை, பிறகு எழுதுகிறேன்.

வ., பாரிமுனை

ஒப்பனை என்றால் முகப்பூச்சு. தழும்பை மறைப்பது. நான் எதைத் தடுக்கச் சொன்னேனோ அதையே வைத்துவிட்டீர்கள்.

க., ஆதம்பாக்கம்

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. 'விற்பனை ஒப்பனை' என்று போடுகிறேன். விற்பனை ஒப்பனையாளர், ஒப்பனை செய்த வீடு, மெய்நிகர் ஒப்பனை என நான்கும் வந்துவிடுகின்றன. ம., அ., ந. மூவரும் சம்மதம். சொ. எதுவானாலும் சரி என்கிறார். வ. அவர்களின் மறுப்பை, குறை மறைத்தல் இதில் சேராது என்ற விளக்கமாக அருஞ்சொல் பட்டியலில் சேர்க்கிறேன்.

வ., பாரிமுனை

விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது என்றாலே சொல் தவறு. என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும்.

த., தாம்பரம்

விற்பனை, ஒப்பனை. இயைபு அமைந்துவிட்டால் கலைச்சொல் ஆகிவிடுமா? நடக்கட்டும்.

சொ., வேளச்சேரி

அடுத்த அதிகாரத்தில் 'டோக்கன் அட்வான்ஸ்' வருமே சார், அதற்கு என்ன வைத்தீர்கள்? முன்பணம் என்று போட்டால் வாடகை அட்வான்ஸோடு குழம்பும். அச்சாரம் என்று போட்டுவிட்டுப் போங்கள், இன்னொரு மடல் இழை தொடங்க வேண்டாம்.

த., தாம்பரம்

அச்சாரம் தமிழா?