கரையோரக் கிராமங்களில் வேலை செய்தவர்கள் இருக்கிறீர்களா? உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

என்ன வேலை என்று யாரும் கேட்டால் "கரையோர மக்களின் பொருளாதார அபிவிருத்தி" என்பேன். அம்மா மட்டும் பக்கத்து வீட்டில் "மகன் கருவாடு விக்கிறான்" என்று சொல்லிவிடுவார். அவர் சொல்வதுதான் சரியென்று எனக்கு விளங்க நாலு வருசம் சென்றது.

எங்கள் குழுவில் ஐந்து பேர். இருவர் மன்னாரில், ஒருவர் கற்பிட்டியில். கொழும்பில் கணக்காளரும் நானும். அலுவலகம் கொழும்பு 6இல் ஒரு மேல்மாடி வீடு. வேலையில் பாதி, மாளிகாவத்தை, நவம் மாவத்தை அலுவலகங்களுக்குக் கோப்போடு போய்வருவது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. மற்றப் பாதிக்கு பெஸ்டியன் மாவத்தை பஸ் நிலையத்தில் இரவு பஸ் ஏறினால் விடியப்புறம் மன்னார்ப் பாலத்துக் காற்று முகத்தில் அடிக்கும்.

பேசாலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சில பெண்கள் சங்கமாகச் சேர்ந்து கருவாடு போடுகிறார்கள். கட்டா, பாரை, சூடை, திருக்கை, கரையில் எது மலிகிறதோ அது. நாங்கள் போன புதிதில் மணலில் பாய் விரித்துத்தான் காயவைத்தார்கள். சோளகக் காற்று பிறந்தால் கருவாடு ஒரு நாள் முந்திக் காயும், மண்ணும் சேர்ந்து ஒட்டும். புறக்கோட்டை முதலாளி ஒரு துண்டைக் கடித்துவிட்டு "பல்லுல நறநறக்குது" என்று விலையை வெட்டுவார். அதனால் இடுப்பளவு உயரத்தில் கம்பு நட்டு, மேலே வலை இழுத்துப் பரண் கட்டிக்கொடுத்தோம். நல்ல வேலைதான். (மாரி தொடங்கியதும் அதே பரணில் விறகு அடுக்கியிருந்தார்கள். அறிக்கைக்குப் படம் எடுக்கப் போன எங்கள் மன்னார்த் தம்பி தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தான்.)

பிறகு விலைக்கு வந்தோம். புறக்கோட்டை லொறிக்காரர் நிறுத்து எடுக்கும்போது ஈரக்கழிவு என்று கொஞ்சம், சாக்குக்கென்று கொஞ்சம் கழிப்பார். இடையில் நிற்கிறவன் சுரண்டுகிறான், அவனைத் தாண்டிப் போனால் பெண்கள் கையில் காசு நிற்கும் என்று எங்கள் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தோம். எழுதியது நான்தான்.

கொழும்பில் ஒரு சுப்பர் மார்க்கெட்டோடு பேசி முடித்தோம். 200 கிராம் பக்கெட், மூன்று மொழியில் லேபல், திகதி. கிலோவுக்கு லொறிக்காரரை விட நல்ல விலை. முதல் பெட்டி வந்த அன்று அலுவலகத்தில் பால்சோறு வேறு. மூன்று மாதம் போயிருக்கும். மன்னாரிலிருந்து தம்பி எடுத்துச் சொன்னான்: "அண்ண, அவங்க திருப்பியும் லொறிக்குத்தான் போடுறாங்க."

எனக்குக் கோபம். அன்றிரவே பஸ் ஏறினேன்.

சங்கத்தின் பொருளாளர் அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். முதுகைக் கீறி விரித்து, குடலை எடுத்து, சதையில் இரண்டு கீறல் போட்டு, உப்பை விரலால் உள்ளே அழுத்தி, பிளாஸ்டிக் பீப்பாவுக்குள் அடுக்கிக்கொண்டே போனார். நான் விலைக்கணக்கைச் சொல்லச் சொல்ல "ம்... ம்..." என்று கேட்டார். கடைசிமீனும் உள்ளே போன பிறகு கையைக் கழுவி, கணக்கு எழுதும் மொனிட்டர் கொப்பியை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். அதில் விலை இல்லை. கிழமைதான் இருந்தது.

"தம்பி, செவ்வாய்க்கிழமை கரையில பச்சைமீன் எடுத்தா செவ்வாய்க்கிழமையே காசு வைக்கோணும். லொறிக்காரன் வெள்ளிக்கிழமை எடுத்தா சனிக்கிழமை பேங்கில போட்டுருவான். உங்கட கடைக்காரன் நாப்பத்தஞ்சு நாளைக்குப் பிறகு தாறான். அதுலயும் விக்காததெண்டு திருப்பி அனுப்பினதைக் கழிச்சுட்டுத் தாறான். இந்த நாப்பத்தஞ்சு நாளும் நான் ஆரிட்டப் போய் நிக்கிற?"

யாரிடம் போய் நிற்பார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மோட்டார் சைக்கிளில் கிழமைக்கு ஒருதரம் வந்து, வாசலில் ஐந்து ஐந்து பெண்களாக இருத்தி வசூலிக்கிறவர்களிடம். 2018இல் வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்குட்பட்ட நுண்நிதிக் கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுக்க நேர்ந்ததே, அந்தக் கடன்தான். நல்ல விலை வாங்கிக்கொடுக்கிறோம் என்று நாங்களே அவர்களை அந்த வாசலுக்கு அனுப்பியிருக்கிறோம்.

போன மழைக்கு அக்காவின் மகனுக்கு டெங்கு. இரவு ஆஸ்பத்திரிக்குப் போக வான் பிடிக்கக் காசு அனுப்பியதும் அந்த லொறிக்காரர்தான். இரவு இரண்டு மணிக்கு யாருக்குக் கோல் எடுத்தீர்கள் என்ற கேள்வி எங்கள் படிவத்தில் இல்லை. அவர் வெட்டும் ஈரக்கழிவில் அந்த வான் காசும் இருக்கிறது. அதற்காக அவரை மகான் என்று சொல்ல வரவில்லை. தராசில் கைவைக்கிற ஆள்தான்.

கொழும்புக்கு வந்து, சங்கத்துக்குக் கட்டடம் கட்டவென்று மிஞ்சியிருந்த காசை, மீன் வாங்கக் கொடுத்துத் திரும்ப எடுக்கும் சுழல்நிதியாக மாற்றலாமா என்று காசு தந்தவர்களுக்கு எழுதினோம். "மீன் வாங்குவது ஒரு செயற்பாடு அல்ல" என்று பதில் வந்தது. கட்டடம் செயற்பாடு. அதைக் கட்டினோம். இப்போது அதற்குள் வலை கிடக்கிறது.

கடைசியில் கைகொடுத்தது, எந்த அறிக்கையிலும் எழுதாத ஒன்று. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் இருக்கிறவர்களுக்கு வட்ஸ்அப்பில் ஒரு குழு. முதலில் காசு போட வேண்டும், பிறகுதான் கருவாடு. வெள்ளி விடிய ஐந்து மணிக்கு மன்னார் பஸ் கண்டக்டர் பொதியை என் கையில் தருவார், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு. வீட்டுச் சொந்தக்காரர் மணம் தாங்காமல் இரண்டுதரம் மேலே ஏறிவந்துவிட்டார். மூன்றாம் தரம் அரைக் கிலோ திருக்கை கேட்டார்.

உங்களுக்கும் இப்படி இருக்கும். எழுதுங்கள்.

மட்டக்குளியிலிருந்து:

உங்கள் அக்காவின் கொப்பியைப் படித்ததும் எனக்கு 2022 ஞாபகம் வந்தது. நாங்கள் பூநகரிப் பக்கம் நீலநண்டுத் திட்டத்தில் நின்றோம். றெஜிபோம் பெட்டி, ஐஸ், சிறுநண்டைத் திருப்பிக் கடலில் விட வேண்டும், சினை நண்டை எடுக்கக்கூடாது என்று வகுப்பு எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை. கானோடு வரிசையில் நின்றவர்கள் வரிசையிலேயே படுத்தார்கள். ஆகஸ்ட் 22ஆம் திகதி எண்ணெய் வந்தது, லீட்டர் 87 ரூபாவாக இருந்தது 340 ஆகி.

நான் கொழும்பில் இருந்து செலவுக் கணக்கை அதே இரவில் மாற்றிப் போட்டேன். வெளியிணைப்பு இயந்திரத்தில் போய்வர ஆகும் எண்ணெயை நண்டு விலையோடு வைத்துப் பார்த்தால், வலை நிறையாத நாளில் கடலுக்குப் போவதே நட்டம். அந்தக் காலாண்டுக்கு மேலிடத்துக் கேள்வி: "வருமான இலக்கு எட்டப்படாமைக்கான காரணம்?" ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள்.

ஒரு ஐயா வீட்டுக்கூரையில் செருகியிருந்த துடுப்பை இறக்கி, கரையோரமாகவே வலித்துப்போய் வலை போட்டுவந்தார். எழுபது வயசிருக்கும். "இது எண்ணெய் குடிக்காது மோனை, சோறுதான் தின்னும். அதுவும் இப்ப விலைதான்" என்றார். அவருக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது ஒரு ஐஸ் பெட்டி.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

நான் வடக்குக்குப் போனதில்லை. என் கரை நீர்கொழும்பு. 2021 மே 20ஆம் திகதி எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்தது, ஜூன் 2ஆம் திகதி தாழத் தொடங்கியது. கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணி, சவ்வரிசி கொட்டியதுபோல. மீன்பிடிக்கத் தடை. நட்டம் அடைந்தவர்களின் பட்டியல் எடுக்க ஒரு குழுவோடு நானும் போனேன், எனக்குச் சிங்களமும் தமிழும் ஓடும் என்பதால்.

படகுக்காரர் வந்தால் சுலபம். படகின் பதிவு இலக்கம், அனுமதிப்பத்திரம், முடிந்தது. அடுத்து ஒரு அம்மா வந்தார். கடற்கரையில் தென்னந்தும்புப் பாயில் மீன் காயவைக்கிறவர், நாட்கூலி. படிவத்தில் முதல் கட்டம்: படகு இலக்கம். "உங்கட பேர்ல ஏதாவது பதிவு இருக்கா அம்மா?" என்றேன். "தேவாலயத்துல ஞானஸ்நானப் பதிவு இருக்கு மிஸ்" என்றார். பகிடி இல்லை, உண்மையாகவே சொன்னார். பிறகு இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்தார். விரல் இடுக்கெல்லாம் உப்பு அறுத்த வெடிப்பு. நான் "வேறு விபரம்" என்ற இடத்தில் எழுதினேன்: கருவாட்டுத் தொழிலாளி, இருபது வருசம். அந்தக் கட்டம் கணினியில் ஏற்றும்போது வராது என்று பிறகுதான் தெரிந்தது. தனியாக ஒரு தாள் தைத்து அனுப்பினோம். அதை யார் வாசித்தார்களோ.

ஒரு கேள்வி: வட்ஸ்அப் குழுவில் இடம் இருக்கிறதா? கட்டா வேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து:

கட்டா முடிந்துவிட்டது. மாரி மழைக்கு முன் இன்னொரு தரம் காய்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் தைக்குப் பிறகுதான். சூடை இருக்கிறது. காசை எனக்குப் போடாதீர்கள், அக்காவின் கணக்குக்கு நேரே போடுங்கள், இலக்கம் குழுவில் இருக்கிறது. வெள்ளி விடிய ஐந்து மணி, பெஸ்டியன் மாவத்தை. பொலித்தீன் பை இரண்டு கொண்டுவாருங்கள், ஒன்று போதாது.