ஆன்டாப்: தாவரக் குடும்பப் பெயரில் தேடினால் ஒரு வரிசையும் வரவில்லை

கோத்தகிரி சோலை:
சோலைத் தாவரப் பதிவுகள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் மூன்று டேபிள்களாக உள்ளன: இனம், இடம், பதிவு. வகுப்புகளையும் உறவுகளையும் விவரிக்கும் ஆண்டாலஜியை ப்ரொடெஜே எடிட்டரில் எழுதி, ஸ்பார்க்கிள் கேள்வியை எஸ்க்யூஎல்லாக மாற்றும் ஆன்டாப் வழியாகக் கேட்கிறேன். நீலக்குறிஞ்சி வகுப்பைக் கேட்டால் விடை வருகிறது. அதன் மேல்வகுப்பான அகாந்தேசியே குடும்பத்தைக் கேட்டால் பூஜ்யம், எரர் செய்தியும் இல்லை. ‘உள்ளடங்கியது’ உறவை டிரான்சிட்டிவ் (ஊர் வட்டத்துக்குள், வட்டம் மாவட்டத்துக்குள் என்றால் ஊரும் மாவட்டத்துக்குள்) என்று குறித்திருக்கிறேன். ஆனாலும் நீலகிரி மாவட்டம் என்று கேட்டால் கொடநாட்டுப் பதிவுகள் வருவதில்லை. இன்னொன்று, மழையில் நெட் போய்விட்டால் சர்வர் தொடங்குவதே இல்லை. எங்கே பார்ப்பது?

குன்னூர் டேட்டா:
முதல் கோளாறுக்கு ஐஆர்ஐயை, அதாவது இணைய முகவரி வடிவில் உள்ள வகுப்பின் முழுப் பெயரைப் பாருங்கள். டேபிள்களை ஆண்டாலஜியோடு இணைக்கும் மேப்பிங் கோப்பில் ப்ரிஃபிக்ஸ் (ஐஆர்ஐயின் முன்பகுதி) ஹேஷில் (#) முடிந்து, ஆண்டாலஜியில் அதுவே ஸ்லாஷில் (/) முடிந்தால், ஆன்டாப்புக்கு அவை இரண்டு வேறு வகுப்புகள். மேப்பிங்கில் உள்ள பெயருக்கு விடை கிடைக்கும். மேல்வகுப்போடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தப்பு என்று சொல்ல எதுவும் இல்லாததால்தான் எரர் வருவதில்லை. பதிவுகளின் வகையை மட்டும் கேட்டு 10 வரிசை எடுங்கள். ப்ரொடெஜேயிலிருந்து அந்த வகுப்பின் முழு ஐஆர்ஐயை நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டி, எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எச்டிடிபிக்குப் பின்னால் ஓர் எஸ் கூடினாலும் இதே கதிதான்.

கொடைக்கானல் எஸ்க்யூஎல்:
டிரான்சிட்டிவ் விஷயம் வேறு. ஆன்டாப் ஏற்பது, ஓடபிள்யூஎல் 2 என்ற ஆண்டாலஜி மொழியின் சுருங்கிய வடிவமான கியூஎல் வரைதான். எந்தக் கேள்வியையும் எஸ்க்யூஎல்லாக மாற்றி எழுத முடிய வேண்டும் என்றே அந்த வரையறையைச் சுருக்கினார்கள். எத்தனை படி ஏறுவது என்று முன்கூட்டியே தெரியாத உறவு அதில் அடங்காது. அந்த வேலையை போஸ்ட்கிரெஸிடம் விடுங்கள். தன் விடையையே வைத்து மறுபடி மறுபடி ஓடும் வித் ரிகர்சிவ் கேள்வியைப் போட்டு, இடம், மேலிடம் என்ற இரண்டே காலம் (நெடுவரிசை) கொண்ட டேபிளை நிரப்புங்கள். கொடநாட்டுக்கு மூன்று வரிசை வரும்: கொடநாடு, கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

அந்தக் கேள்விக்குள் யூனியன் ஆல் வேண்டாம், ஒரே வரிசை மறுபடி வந்தால் நீக்கிவிடும் யூனியன் போடுங்கள். இரண்டு இடங்கள் ஒன்றுக்கொன்று மேலிடம் என்று தவறாகப் பதிவாகியிருந்தால் யூனியன் ஆல் முடியவே முடியாது. ‘ஆழம்’ என்று மூன்றாவது காலம் சேர்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் வரிசை புதிதாகிவிடும். அப்போது யூனியனும் காப்பாற்றாது. வியூவாக விடாமல் டேபிளாகவே வைத்து, இரண்டு காலத்தையும் சேர்த்து பிரைமரி கீ கொடுங்கள். கீ தெரிந்தால்தான் தேவையற்ற ஜாயின்களை ஆன்டாப் வெட்டும். இடம் டேபிள் மாறினால் இதையும் மறுபடி நிரப்ப வேண்டும்.

குன்னூர் டேட்டா:
நெட் பிரச்சினைக்குக் காரணம் இம்போர்ட், அதாவது உங்கள் ஆண்டாலஜி வெளி ஆண்டாலஜி ஒன்றைச் சேர்த்துக்கொள்வது. அதை ஆன்டாப் ஒவ்வொரு முறையும் இணையத்தில் தேடுகிறது. அதை ஒருமுறை இறக்கி டிஸ்க்கில் வையுங்கள். எந்த ஐஆர்ஐக்கு எந்தக் கோப்பு என்று கேட்டலாக் எக்ஸ்எம்எல்லில் எழுதி, தொடங்கும்போது எக்ஸ்எம்எல் கேட்டலாக் ஆப்ஷனில் அதன் பாதையைக் கொடுங்கள்.

கோத்தகிரி சோலை:
ஹேஷ்தான் காரணம்; மாற்றியதும் அகாந்தேசியே வந்துவிட்டது. கேட்டலாக்கும் சரி, நெட் இல்லாமலே தொடங்குகிறது. மேலிட டேபிளை ‘உள்ளடங்கியது’ உறவுக்கே மேப் செய்துவிட்டேன். பழைய மேப்பிங் வரியை எடுத்துவிட வேண்டுமா?

கொடைக்கானல் எஸ்க்யூஎல்:
எடுத்துவிடுங்கள். வைத்திருந்தாலும் விடை மாறாது. ஆனால் ஒரே உறவு இரண்டு வழியாக வருவதால் எஸ்க்யூஎல்லில் யூனியனும் டிஸ்டிங்க்டும் (இரட்டை வரிசை நீக்கம்) ஏறி, கேள்வி வீணாக மெதுவாகும்.