'வில்'லா, 'கோயிங் டு'வா: நீங்கள் எங்கே பல்பு வாங்கினீர்கள்?

கோவைவாசி:
நடந்து நாலு வருஷம் ஆகிறது. இன்னும் குளிக்கும்போது ஞாபகம் வந்தால் கூசுகிறது. லீட்ஸில் ஆன்சைட், முதல் வாரம். பக்கத்து சீட் அம்மணி ஒரு கட்டு ஃபைலோடு வந்தார், கதவருகே மொத்தமும் சரிந்தது. நான் விருட்டென்று எழுந்து, தெளிவான உச்சரிப்பில், "ஐ ஆம் கோயிங் டு ஹெல்ப் யூ" என்றேன். அவர் குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். "ஓ. தேங்க்ஸ் ஃபார் லெட்டிங் மீ நோ." சுற்றியிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்து வைத்தேன்.

சாயங்காலம் டீம் லீட் சொல்லித்தான் புரிந்தது. முன்பே முடிவு செய்ததற்குத்தான் 'கோயிங் டு'. அந்த நிமிஷம் தோன்றியதற்கு 'ஐல் ஹெல்ப் யூ'. ஆக, அவர் எப்போது ஃபைலைக் கீழே போடுவார் என்று காலையிலிருந்தே காத்துக்கிடந்தவன் ஆகிவிட்டேன். உங்களுக்கும் இப்படி உண்டா?

ராத்திரி ஷிஃப்ட்:
எனக்கு 'வில்'. ஃபோனில் மாதிரி நேர்காணல். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள் என்றார். "ஐ வில் கோ டு டெம்பிள், ஐ வில் வாஷ் மை பைக், ஐ வில் ஸ்லீப்." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "திஸ் சண்டே?" என்றார். "ஆல் சண்டேஸ்!" என்றேன், பெருமையாக.

நாம் வழக்கத்துக்கும் 'போவேன்', நாளைக்கும் 'போவேன்'. அவர்களுக்கு வழக்கம் என்றால் வெறும் 'ஐ கோ'. 'வில்' வழக்கத்துக்கு வரவே வராது.

பழைய வாத்தியார்:
தம்பி, வரவே வராது என்று அடித்துச் சொல்ல வேண்டாம். "ஹி வில் சிட் தேர் ஃபார் அவர்ஸ்" என்று ஆங்கிலேயரே சொல்வார்கள். ஒருவருடைய குணத்தைச் சொல்கிற 'வில்' அது. உம்மிடம் கேட்டது சாதாரண வழக்கம், அதனால்தான் பொருந்தவில்லை.

என் கதை சின்னது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பலகையில் 'ஐ வில்' என்று எழுதினேன். பின்னால் வந்து நின்ற தலைமை ஆசிரியர் ஒரு வார்த்தை பேசாமல் டஸ்டரை வாங்கி, 'வில்'லை அழித்து 'ஷல்' என்று எழுதிவிட்டுப் போனார். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த விதியின் வரலாற்றைச் சொல்கிறேன். ஜான் வாலிஸ் என்ற கணித மேதை 1653-ல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இருக்கிறது. தன்மைக்கு 'ஷல்', முன்னிலை படர்க்கைக்கு 'வில்'. உறுதி, மிரட்டல் என்றால் தலைகீழ். பழைய ஆங்கிலத்தில் 'வில்' என்றால் விரும்புவது, 'ஷல்' என்றால் கடன்பட்டிருப்பது. நம் 'போவேன்' மாதிரி வினைக்குள்ளேயே எதிர்காலம் காட்டும் இடைநிலை அவர்களுக்குக் கிடையாது, அதனால் இந்தக் கடன் வாங்கல். தண்ணீரில் விழுந்த அயர்லாந்துக்காரர் "ஐ வில் ட்ரௌன், நோபடி ஷல் சேவ் மீ" என்று கத்தினாராம். விதிப்படி 'சாகத்தான் போகிறேன், யாரும் காப்பாற்றக் கூடாது' என்று அர்த்தமாகிறதே என்று கரையில் நின்றவர்கள் சும்மா இருந்துவிட்டார்களாம். பழைய ஜோக்.

அப்புறம், ஏற்பாடு முடிந்த விஷயத்துக்கு 'ஐ ஆம் மீட்டிங் ஹிம் டுமாரோ'. ரயில் நேரத்துக்கு 'த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்'. 'வென்' போட்டு 'வந்ததும் கூப்பிடுகிறேன்' என்பதைச் சொல்லும்போது அந்த 'வென்' பகுதிக்குள் 'வில்' வேண்டாம், 'வென் ஐ கம்' போதும். 'வரும்போது' என்பதில் 'வரும்' உட்கார்ந்திருப்பதால் நம் பிள்ளைகள் 'வென் ஐ வில் கம்' என்று எழுதுகிறார்கள். 30 வருஷம் திருத்தினேன். தினம் பத்து வாக்கியம் எழுதிப் பழகுங்கள். ஆங்கிலப் பேப்பரைச் சத்தமாகப் படியுங்கள்.

சும்மா ஒருத்தி:
சார், அனுபவம்தானே கேட்டாங்க, நீங்க பாடமே எடுத்துட்டீங்க. 'ஷல் வி கோ?'வும் ஒப்பந்தப் பத்திரமும் தவிர இப்போது 'ஷல்' எங்கே கேட்கிறது? அந்த ஹெச்எம் அழித்தது சரியான வார்த்தையைத்தான்.

நெல்லை நர்ஸ்:
இங்கிலாந்தில் என் இரண்டாவது நாள். வார்டில் ஒரு தாத்தா. நான் பக்கத்தில் நின்று டெம்பரேச்சர் எழுதிக்கொண்டிருந்தேன். "ஐ ஆம் கோயிங் டு பி சிக், லவ்" என்றார். ஐயோ பாவம், உடம்பு இன்னும் மோசமாகிவிடுமோ என்று பயப்படுகிறார் போல என்று நினைத்து, தோளைத் தட்டி, "நோ நோ, யூ வில் பி ஃபைன்" என்றேன். மறு நொடி என் ஷூ, சார்ட், பேனா எல்லாம் போச்சு. அட்டைக் கிண்ணம் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இதில் அவர்தான் என்னிடம் மூன்று தடவை ஸாரி சொன்னார்.

ராத்திரி ஷிஃப்ட்:
அக்கா, இது 'சிக்' பிரச்சினை. 'கோயிங் டு' பாவம், அதை விட்டுடுங்க.

நெல்லை நர்ஸ்:
பாதிதான் தம்பி. அங்கே 'சிக்' என்றால் வாந்தி என்று தெரியாதது என் தப்பு. ஆனால் அறிகுறி கண்முன்னே தெரியும்போதும் 'கோயிங் டு' வரும். மேகத்தைப் பார்த்து 'இட்ஸ் கோயிங் டு ரெயின்' என்பது மாதிரி. நம்ம 'மழை வரப்போகுது'வேதான். தமிழ்தான் நம்மைக் கவிழ்க்கிறது என்று எல்லாரும் சொல்கிறீர்கள், அன்றைக்கு நான் தமிழில் கேட்டிருந்தால் 'வரப்போகுது' என்றதுமே கிண்ணத்தை எடுத்திருப்பேன். 'வில்' என்று சொல்லியிருந்தால் எனக்கு நேரம் இருந்திருக்கும்.

கோவைவாசி:
வாத்தியார் சாரை விட்டுடுங்க, அந்த 'வென்' விஷயம் எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு அவசரக் கேள்வி. அதே அம்மணியிடமிருந்து மெயில், இப்போது ஊருக்கு வந்திருக்கிறார்: "வில் யூ பி ஜாயினிங் அஸ் ஃபார் லன்ச்?" கூப்பிடுகிறாரா, விசாரிக்கிறாரா?

நெல்லை நர்ஸ்:
உங்க திட்டம் என்னன்னு மரியாதையா விசாரிக்கிறார், வற்புறுத்தல் இல்லை. போறதா இருந்தா 'ஐல் பி தேர்'னு மட்டும் போடுங்க.

கோவைவாசி:
அனுப்பிட்டேன் அக்கா. நீங்க எழுதினதைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே. 'ஐ ஆம் கோயிங் டு ஈட் வித் யூ'னு.