முதல் மசில்லோடர்: எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு? (பென்சில்வேனியா)

ஹாரிஸ்பர்க் பக்கம் புதிதாக வந்திருக்கும் தம்பி கேட்டிருந்தார்: கூட வேலை பார்ப்பவர் 50 காலிபர் (குழல் வாய் அரை அங்குலம்) இன்லைன் மசில்லோடர் ஒன்றை மலிவாகத் தருகிறார், "மூணு பெல்லட் போடு, மான் விழுந்துடும்" என்கிறார், வாங்கலாமா என்று. மசில்லோடர் என்றால் குழலின் வாய்வழியாக மருந்தையும் குண்டையும் போட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கி; இன்லைன் அதன் நவீன வகை; பெல்லட் என்பது குண்டு இல்லை, வில்லையாக அழுத்திய வெடிமருந்து. வாங்கலாம். அந்த மூன்று பெல்லட் மட்டும் வேண்டாம்.

முதலில் காகித வேலை. எச்1பி விசாவில் இருப்பவர் சாதாரணத் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. மசில்லோடர் பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள்ளேயே வராது. ஆனாலும் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து உரிமம் எடுத்த பிறகே கை வையுங்கள். மசில்லோடர் பருவத்துக்குத் தனி உரிமமும் வேண்டும். விசாவில் சந்தேகம் என்றால் வக்கீலைக் கேளுங்கள், கடைக்காரரை அல்ல. இன்னொன்று: கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் தொடங்கும் பருவம் சிக்கிமுக்கிக் கல்லில் பற்றும் ஃபிளின்ட்லாக்குக்கு மட்டும்தான். உங்கள் இன்லைன் அக்டோபரில் வரும் பெட்டைமான் பருவத்துக்குச் சரி.

மருந்துக்கு வருவோம். இங்கே எல்லாம் கிரெயின் என்ற சின்ன எடைக் கணக்கு. நம் குன்றிமணி ஒன்று சுமார் 2 கிரெயின் வரும். ஆனால் மசில்லோடரில் 90 கிரெயின் என்று சொன்னால் அது தராசுக் கணக்கு இல்லை. பித்தளை அளவுக்குழாயில், படியில் அரிசி அளப்பது மாதிரி, தலைதட்டி அளப்பது. இதைத் தெரியாமல் தராசில் நிறுத்தால் ஆபத்து: பிளாக்ஹார்ன் 209 மருந்தில் 100 கிரெயின் அளவு என்பது எடையில் சுமார் 70 கிரெயின்தான். இதுவும், அடுத்துச் சொல்லும் டிரிபிள் செவனும் பைரோடெக்ஸும், பழைய கரிமருந்துக்குப் பதிலாக விற்கும் மருந்துகள். டிரிபிள் செவன், கரிமருந்தைவிட வேகமானது; கரிமருந்துக்குச் சொன்ன அளவில் 15 சதவீதம் குறைக்க வேண்டும். பைரோடெக்ஸுக்குக் கரிமருந்தின் அளவேதான். ரைஃபிள் தோட்டாவில் போடும் புகையில்லா மருந்து பக்கத்திலேயே வரக்கூடாது. குழல் வெடித்துக் கையோடு போய்விடும். துப்பாக்கியோடு வரும் கையேட்டில் உச்ச அளவு போட்டிருக்கும். நான் சொல்வதற்கும் மேலே அதுதான்.

குண்டை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, குழலுக்குள் குண்டைச் சுழலவிடும் காடிகளின் முறுக்கு தேர்ந்தெடுக்கிறது. இன்லைன்களில் பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதற்கு பிளாஸ்டிக் உறையில் வரும் 250 கிரெயின் குண்டு நன்றாகப் போகும். 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் அது ஈயக் கோலிக்கான குழல்: 0.490 அங்குலக் கோலி, சுமார் 177 கிரெயின், எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி. அதற்கு 70, 80 கிரெயின் மருந்து போதும்.

நானும் முதல் வருடம் மூன்று பெல்லட் போட்டவன்தான். ஒன்று 50 கிரெயின், ஆக 150. நூறு கஜத்தில் மூன்று ஓட்டைகள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின, தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. ஒரு பெல்லட்டைக் குறைத்ததும் அதே குண்டு டம்ளர் வாய்க்குள் விழுந்தது. இங்கே காட்டில் மானை நூறு கஜத்துக்குள்தான் பார்ப்பீர்கள், 100 கிரெயினே தாராளம். தூள் மருந்து என்றால் 80-இல் தொடங்கி ஐந்து ஐந்தாக ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு வெடிக்கும் நடுவே ஈரத்துணியால் குழலைத் துடைக்காவிட்டால், கரி படிந்து அடுத்த குண்டு பாதியிலேயே நின்றுகொள்ளும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே இடைவெளி விழுந்தால் குழலே வீங்கிவிடும். அதனால் குண்டு முழுதாக இறங்கியபோது கெட்டிக்கும் கோல் எங்கே நிற்கிறது என்று ஒரு கோடு போட்டு வைப்பார்கள். என் கோலில் இருப்பது மனைவியின் சிவப்பு நகப்பூச்சு.

அப்புறம், துப்பாக்கியைப் பார்க்கப் போகும்போது வாய்ப் பக்கம் நிற்காமல், அந்தக் கோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே விரலை வைத்து வெளியே எடுத்து, குழலோடு வெளிப்பக்கம் சேர்த்து அளந்து பாருங்கள். கோல் குழலின் அடியை எட்டாமல் நான்கு விரல் அளவு முன்னாலேயே நின்றிருந்தால், போன வருடத்து மருந்தும் குண்டும் இன்னும் உள்ளேயே இருக்கக்கூடும். விற்பவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.